ஓடும் வண்டியா, உடம்பு நல்ல வண்டியா? டெல்டாவில் பழைய பென்ஸ் ஒன்றை வாங்கிப் புதுப்பித்த நிகழ்வு ஆய்வு

## பின்னணி

வாங்கியவர் திருவாரூர் மாவட்டத்தில் அரிசி ஆலை நடத்துபவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அன்றாடம் ஓட்ட அவரிடம் வேறு கார் இருக்கிறது. எண்பதுகளின் சொகுசுக் கார் ஒன்றை வாங்கி, முழுதாகப் புதுப்பித்து, குடும்பத்தோடு தஞ்சாவூர், திருச்சி என்று நம்பிப் போய் வரும்படி ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கண்காட்சிக்கு நிறுத்தும் எண்ணம் இல்லை. வண்டி விலையும் சேர்த்து 12 லட்சம் ரூபாய்க்குள் முடிய வேண்டும் என்றார்.

வண்டிகளைப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது. பல வருடம் ஒர்க்‌ஷாப் மேற்பார்வையில் இருந்தவன் நான். தகர வேலைக்குக் கும்பகோணத்தில் ஒரு டிங்கர், இன்ஜினுக்குத் தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். வாங்கியவரின் மகள் எல்லாச் செலவையும் ஒரு நோட்டில் எழுதி வந்தார். இங்கே வரும் தொகைகள் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

டெல்டாவில் இப்படிப்பட்ட கார்கள் எப்படி வந்தன என்பது தேர்வுக்கே முக்கியமாக இருந்தது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம் என்று மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் நிறைந்த பகுதி இது. எண்பதுகளில் வெளிநாட்டுக் காருக்கு இறக்குமதித் தீர்வை மிகக் கடுமை. ஆனால் நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர், தான் வைத்திருந்த காரைத் தீர்வை கட்டிக் கொண்டுவர விதியில் இடம் இருந்தது. தூதரகங்கள் கழித்த கார்களை எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனம் விற்றது. இந்த இரண்டு வழிகளிலும் வந்த பென்ஸ்கள் பல இன்னும் கொட்டகைகளில் நிற்கின்றன.

## ஏன் 240 டி

பென்ஸின் டபிள்யூ 123 வரிசை 1976 தொடக்கத்தில் விற்பனைக்கு வந்து 1986 தொடக்கத்தில் முடிந்தது. சுமார் 27 லட்சம் கார்கள் செய்தார்கள். ஜெர்மனியில் டாக்ஸியாக ஓடி ஓடிப் பேர் வாங்கிய வண்டி. அதில் 240 டி என்பது நான்கு சிலிண்டர் டீசல். 1978-க்குப் பிறகு வந்தவை 2399 சி.சி., 72 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் மெதுவான வண்டிதான்.

ஆனாலும் டெல்டாவில் அதற்கென்று ஒரு தனிச் சாதகம் இருக்கிறது. அதன் ஓ.எம். 616 இன்ஜினைத்தான் பஜாஜ் டெம்போ (இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) உரிமம் வாங்கி இந்தியாவில் செய்தது. அந்த இன்ஜின் பூட்டிய டிராக்ஸ் ஜீப்பும் டிராவலர் வேனும் ஓடாத ஊர் இங்கே எது? அந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய கைகள் மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் இருக்கின்றன. எல்லாப் பாகமும் அப்படியே பொருந்தாது. ஆனால் அளவு பார்த்து எடுத்தால் பலவும் உதவும். டீசல் பம்ப்பும் அப்படித்தான். டிராக்டரும் லாரியும் உள்ள ஊரில் பாஷ் கம்பெனியின் வரிசைப் பம்ப்பைப் பிரித்து, நாசிலின் (டீசலைப் பீச்சும் முனை) அழுத்தம் பார்த்துத் தரும் கடை கட்டாயம் இருக்கும். ஜெர்மன் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கோ ஜாகுவாரின் இரட்டை கார்புரேட்டருக்கோ அப்படி ஒரு ஆளைத் தேடி நான் சென்னைக்குத்தான் போக வேண்டும்.

டெல்லியிலிருந்து மலிவாக வரும் பழைய டீசல் பென்ஸ்களையும் யோசித்தோம். 10 ஆண்டைத் தாண்டிய டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் அங்கே விலை விழுந்திருக்கிறது. ஆனால் அடியில் படுத்துப் பார்க்காமல் பழைய காருக்கு அட்வான்ஸ் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

2022 ஆடியில் தேடத் தொடங்கினோம். ஐப்பசி மழைக்கு முன் மூன்று வண்டிகள் மிஞ்சின.

## முதல் வண்டி: வேதாரண்யம் பக்கத்து வெள்ளை 240 டி

கேட்ட விலை எட்டரை லட்சம். சாவி போட்டதும் ஸ்டார்ட் ஆனது. ஏ.சி. குளிர்ந்தது. புது வெள்ளை பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. உட்கார்ந்து ஒரு சுற்று போய் வந்த உடனே இதுதான் வேண்டும் என்றார் வாங்குபவர்.

திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்கவில்லை. ஓட்டுநர் பதறாமல் பானெட்டைத் திறந்து, பம்ப் மேலிருந்த ‘ஸ்டாப்’ லீவரை அழுத்தி நிறுத்தினார். வாங்குபவர் முகம் மாறிவிட்டது, பெரிய கோளாறு என்று நினைத்துவிட்டார். உண்மையில் அது சின்ன விஷயம். இந்த வண்டியில் இன்ஜினை நிறுத்துவதும் கதவுகள் மொத்தமாகப் பூட்டுவதும் வெற்றிடக் குழாய்களால்தான் நடக்கின்றன. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. குழாய்க்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய், பொறுமைதான் கொஞ்சம் வேண்டும்.

பெரிய விஷயம் கீழே இருந்தது. இந்த வரிசையில் ஜாக்கி போட, கதவுக்குக் கீழ் பக்கத்துக்கு இரண்டாக நான்கு துளைகள் உண்டு, ரப்பர் மூடி போட்டிருக்கும். வண்டியைத் தூக்கலாமா என்று கேட்டதும் ஓட்டுநர், “சார், அதுல ஜாக்கி போடாதீங்க, முன்னாடி அடியில கொடுத்துத் தூக்கிக்கலாம்” என்றார். அந்தப் பதில் போதும் எனக்கு. மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டேன். துரு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உடைந்து கையோடு வந்தது. மெல்லிய துணியைச் சுற்றிய காந்தத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் கதவின் மேல் பாதியில் ஒட்டியது. கீழே ஒரு சாண் அளவுக்கு ஒட்டவில்லை, அங்கே தகரத்தின் இடத்தில் பட்டிதான் (ஓட்டையை அடைத்துப் பூசும் பசை) இருந்தது.

கதவின் உள் அட்டையைக் கழற்ற அனுமதி கேட்டோம், கொடுத்தார்கள். உள்ளே ஒரே மட்டத்தில் நீண்ட சேற்றுக் கோடு. சீட் தண்டவாளத்தின் பள்ளத்திலும் காய்ந்த வண்டல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அன்று முற்றத்தில் தண்ணீர் நின்றதை வீட்டார் மறைக்கவில்லை. இன்ஜின் வரை ஏறவில்லை என்றுதான் சொன்னார்கள், அதுவும் உண்மைதான். உப்பளத்துக்குப் பக்கத்து ஊரில் நின்ற வண்டி. உள்ளே புகுந்த நீர் எப்படிப்பட்டது என்பதைத் தகரமே காட்டியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விற்றவர் ஏமாற்றுகிறவர் அல்ல. வண்டியை ஓடும் நிலையில் வைத்திருந்தார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பெயிண்ட் அடித்தது விற்பதற்காகவும் அல்ல, மகன் கல்யாணத்துக்காக.

## இரண்டாவது: பாபநாசம் வட்டத்துத் தந்த நிற 240 டி

கேட்டது மூன்றேகால் லட்சம். ஏழெட்டு வருடமாக ஓடவில்லை. உரிமையாளர் காலமாகிவிட்டார், மனைவி மட்டும் வீட்டில். மங்களூர் ஓடு போட்ட கொட்டகை, சிமெண்ட் தரை. நான்கு மூலையிலும் கருங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள், சக்கரம் தரையில் படவில்லை. “அவங்க இருந்தவரைக்கும் மாசத்துக்கு ஒருநாளாவது ஸ்டார்ட் பண்ணிடுவாங்க தம்பி. அப்புறம் யாரு பாக்குறா” என்றார் அந்த அம்மா.

பார்க்கப் பரிதாபமான வண்டி. பெயிண்ட் சுண்ணாம்பு பூத்துப் போயிருந்தது. பின் சீட்டை எலி குடைந்து, உள்ளே இருந்த ரப்பர் தோய்த்த நாரை இழுத்துப் போட்டிருந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே வயர்கள் கடிபட்டு செம்பு தெரிந்தது. காற்று வரும் பெட்டியைத் திறந்தால் நெல்லும் உமியும். பக்கத்திலேயே நெல் குதிர் இருந்த வீடு, அறுவடை முடிந்தால் வயல் எலி வீட்டுக்குத்தானே வரும்.

டிங்கர் ஒரு மணி நேரம் அடியிலேயே படுத்திருந்தார். ஜாக்கித் துளை நான்கும் கெட்டி. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், பேட்டரித் தட்டு, முன் மட்கார்டின் பின்விளிம்பு, பின் கண்ணாடியின் கீழ் ஓரம், பின் சக்கர அமைப்பு உடம்போடு சேரும் இடங்கள் என்று இந்த வரிசையில் வழக்கமாகத் துருப்பிடிக்கும் இடங்களையெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தார். பேட்டரித் தட்டு போயிருந்தது. இடப்பக்கக் கால் வைக்கும் தரையில் உள்ளங்கை அளவு ஓட்டை, மேற்கூரைத் திறப்பின் வடிகால் குழாய் அடைத்ததால் வந்தது. மற்றபடி தகரம் மொத்தமும் தொழிற்சாலையில் வந்த தகரம். வெளியே வந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வாங்குபவரிடம், “அண்ணே, இஞ்சின் கெட்டா ஒரு மாச வேலை. தகரம் கெட்டா ஒரு வருஷ வேலை. இதுல தகரம் கெடல” என்றார்.

இன்ஜின் இறுகியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். நாசில்களைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு இரவு விட்டோம். மறுநாள் காலை கிராங்க் புல்லி போல்ட்டில் 27 சாக்கெட் மாட்டி மெக்கானிக் மெல்ல அழுத்தினார். முதலில் அசையவில்லை, கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி முன்னால் கொண்டுவந்ததும் சுற்றியது. டீசல் டேங்கின் அடியில் பிசின் மாதிரி கசடு. அது எதிர்பார்த்ததுதான்.

சேஸிஸ் எண்ணையும் அன்றே சரிபார்த்தோம். இந்த வரிசையில் எண்ணிலேயே வண்டியின் ஜாதகம் இருக்கும். 123123 என்று வந்தால் 240 டி செடான். அதை அடுத்து வரும் இலக்கம் 2 என்றால் வலப்பக்க ஸ்டீரிங், 1 என்றால் இடப்பக்கம். ஆர்.சி.யில் உள்ளதும் தகரத்தில் அடித்ததும் ஒத்துப்போயின. பெயிண்ட் குறியீடு 623, ஜெர்மானிய டாக்ஸிகளின் அதே வெளிர் தந்த நிறம்.

சிக்கல் காகிதத்தில் இருந்தது. ஆர்.சி. காலமானவர் பெயரில். பதிவு காலாவதி. நான்கு வாரிசுகள், மகள் மலேசியாவில். எண்ணோ 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து வரிசை, ஆர்.டி.ஓ. அலுவலகக் கணினியில் ஏறாதது.

## மூன்றாவது: ஸ்டாண்டர்ட் 2000

இதை நான் ஆசையோடு பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. மெட்ராஸில் செய்த சொகுசுக் கார். பிரிட்டனின் ரோவர் எஸ்.டி. 1, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வானது. அதன் உடம்பை வாங்கி, பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டின் 1991 சி.சி. இன்ஜினை மாட்டி, 1985-லிருந்து 1988 வரை பெருங்களத்தூரில் செய்தார்கள். உடம்புக்கு ஏற்ற இன்ஜின் இல்லை, அதனாலேயே எடுபடவில்லை. ஆனால் அந்தச் சரிந்த பின்பக்கத்தை இன்றைக்கும் நின்று பார்க்கத் தோன்றுகிறது.

மன்னார்குடி பக்கத்தில் நின்ற இந்த வண்டிக்கு ஒன்றேமுக்கால் லட்சம் கேட்டார்கள். ஒரு பின் விளக்கு இல்லை, முன் கண்ணாடியில் விரிசல், டேஷ்போர்டில் இரண்டு மீட்டர்கள் காலி. அந்த விளக்கைத் தேடித் திருச்சி பழைய சாமான் கடைகளிலும் சென்னை புதுப்பேட்டையிலும் விசாரித்தோம். இல்லை. பென்ஸ் பழைய கார்களுக்கென்று 1993-லேயே தனி மையம் வைத்து, டபிள்யூ 123-க்கு இன்றைக்கும் பாகம் விற்கிறது. ஸ்டாண்டர்ட் கம்பெனியே இல்லை. பிரிட்டனிலிருந்து ரோவர் பாகம் வரவழைக்கலாம், ஆனால் எது பொருந்தும் என்பது கையில் வந்தபிறகுதான் தெரியும். மலிவு என்று நுழைந்து, ஒரு கண்ணாடிக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் வண்டி ஆகிவிடும். பெட்டி பெட்டியாக உதிரிபாகம் சேர்த்து வைத்திருப்பவருக்கு நல்ல வண்டி, இவருக்கு அல்ல.

## கணக்குப் போட்டது

மூன்று வண்டிக்கும் ஒரே கேள்வியை வைத்தோம்: வேலை முடிந்து ரோட்டில் நிற்கும்போது மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும்? கேட்ட விலையை மட்டும் ஒப்பிட்டால் வேறு பதில் வரும்.

வெள்ளை வண்டிக்கு எட்டரை லட்சம். அடித்தரை, பக்கச் சட்டங்கள், கதவுகளின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் வெட்டிப் புதுத் தகரம் வைத்து, நல்ல பெயிண்டையும் உரித்துத் திரும்ப அடித்தால் இன்னொரு ஏழு லட்சம். ஆக பதினைந்தரை. புது பெயிண்டுக்கும் சேர்த்து விலை கொடுத்து, அதை நாமே உரிக்க வேண்டும். தந்த நிற வண்டிக்கு விலையும் சேர்த்து சுமார் 11 லட்சம் வந்தது. ஸ்டாண்டர்டுக்கு என்னால் கணக்கே போட முடியவில்லை. போட முடியவில்லை என்பதையே ஒதுக்கக் காரணமாக எடுத்துக்கொண்டோம்.

வாங்குபவருக்கு மனம் வரவில்லை. ஓடுகிற வண்டியை விட்டு ஓடாத வண்டியை எடுப்பதா என்று வீட்டில் கேட்டார்கள். கருப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் ஒரு பேச்சு. அவர் மகள்தான் நோட்டை விரித்து வைத்து, “அப்பா, அந்த வண்டி இன்னிக்கு ஓடுது. ஆனா நீங்க கேட்டது புதுப்பிக்க ஒரு வண்டி. எதை வெட்டணும், எதைச் சேக்கணும்னு இதுல முன்னாடியே தெரியுது” என்றார். அவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

பேரம் இரண்டு லட்சத்து தொண்ணூறாயிரத்தில் முடிந்தது. 2022 கார்த்திகையில் அட்வான்ஸ் கொடுத்தோம். மீதித் தொகை, நான்கு வாரிசுகளும் கையெழுத்திட்ட பிறகுதான் என்று எழுதி வாங்கிக்கொண்டோம். இந்த நிபந்தனை இல்லாவிட்டால் நான் சரி சொல்லியிருக்க மாட்டேன்.

## காகித வேலை

தகர வேலையை விட இதுதான் அதிக காலம் பிடித்தது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று முதலில். மலேசியாவில் உள்ள மகள் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு ஆட்சேபமில்லாக் கடிதம் அனுப்பினார். அப்புறம் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து எண்ணைக் கணினியில் ஏற்றுவது. அந்தப் பக்கம் கிடைக்கும்வரை மற்ற எதுவும் நகரவில்லை. இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுக்கு மாற்ற படிவம் 31, வாரிசிடமிருந்து வாங்குபவருக்கு மாற்ற 29, 30, பதிவைப் புதுப்பிக்க 25. இந்த வரிசையில்தான் போக முடியும். சுங்கத்தில் தீர்வை கட்டிய பழைய ரசீதின் நகலை அந்த அம்மா ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். பல கேள்விகளை அந்த ஒரு தாள் முடித்து வைத்தது.

கட்டணத்தில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் அமலான விதிப்படி, 15 ஆண்டைத் தாண்டிய இறக்குமதிக் காரின் பதிவைப் புதுப்பிக்க 40,000 ரூபாய். உள்நாட்டுக் காருக்கு 5,000 மட்டும். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு இதை இரட்டித்து 80,000, 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். இது போக தாமதக் கட்டணம், பசுமை வரி.

‘விண்டேஜ்’ பதிவு செய்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். 2021 விதிகளின்படி அது முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும். எண்ணில் ‘வி.ஏ.’ என்று வரும், 10 ஆண்டு செல்லும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, எரிபொருள் போடுவது போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். இந்த வண்டி எண்பதுகளில் பதிவானது. வயதும் போதாது, வாங்கியவரின் தேவைக்கும் பொருந்தாது.

## தகரம், பெயிண்ட், மற்றவை

2023 தை கழிந்ததும் வண்டி கும்பகோணம் பட்டறைக்குப் போனது. கண்ணாடி, சீட், கார்பெட் எல்லாம் கழற்றி, ஒவ்வொரு போல்ட்டையும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, எந்த இடத்தது என்று மகள் எழுதி ஒட்டினார். கார்பெட்டுக்குக் கீழே தார்ப் பூச்சை உரித்தபோது ஓட்டுநர் பக்கத் தரையிலும் ஊசித் துளைகள் இருந்தன, வெளியிலிருந்து தெரியாதவை. மூன்று லட்சம் என்று போட்ட உடம்பு வேலை நான்கு லட்சத்து இருபதாயிரம் ஆனதற்கு முக்கியக் காரணம் அதுதான். மேலே தகடு வைத்து ஒட்டிவிடலாம் என்று டிங்கர் சொல்லவே இல்லை. கெட்டதை வெட்டி, புதுத் தகட்டை அதே வளைவுக்குத் தட்டி, ஓரம் ஓரமாகப் பற்றவைத்தார். ஒரு முழங்கை நீளத் தகட்டை அவர் மரச் சுத்தியலால் வளைத்த விதம், அரை நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, வைத்துப் பார்த்து, எடுத்துத் தட்டி, மறுபடி வைத்துப் பார்த்து, ஒரு மயிரிழை இடைவெளி கூட விடாமல் பொருத்தியது, இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. இப்படிப்பட்ட கைகள் குறைந்து வருகின்றன. இன்றைக்குப் பட்டறைகளில் பாகத்தைக் கழற்றி மாற்றத்தான் கற்றுத் தருகிறார்கள்.

பெயிண்ட் ஐப்பசிக்கு வந்து நின்றது. பட்டறைக்காரர் அவசரப்பட்டார். நான் மறுத்துவிட்டேன். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் அடித்தால் பெயிண்ட் பூத்துப் போகும், பிரைமர் என்ற அடிப்பூச்சுக்குக் கீழே ஈரம் சிக்கினால் இரண்டே வருடத்தில் கொப்புளம் கிளம்பும். பிரைமரோடு மூடி வைத்து மாசி வரை காத்திருந்தோம். நிறம் பழைய 623 தான். கருப்பாக்கினால் கதவின் உள் ஓரம், டிக்கியின் அடி, இன்ஜின் அறை எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

எவர்சில்வர் பட்டைகளை நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக்கு மெருகு போடும் பட்டறையில் கொடுத்தோம், அருமையாக வந்தன. பம்பரை மட்டும் அங்கே கொடுக்கவில்லை. குரோம் பூச்சு மிக மெல்லியது. மெருகுச் சக்கரத்தில் வைத்தால் அது தேய்ந்து அடியிலுள்ள நிக்கல் மஞ்சளாகத் தெரியும். சீட்டுக்கு ரப்பர் கலந்த தென்னை நார் பேராவூரணிப் பக்கமே கிடைத்தது. பஞ்சு ஸ்பாஞ்ச் வைத்தால் சீக்கிரமே உட்கார்ந்துவிடும், பென்ஸ் சீட்டின் அந்த இறுக்கமும் வராது.

இன்ஜின் கதை சுருக்கம். ரிங், பேரிங், கேஸ்கெட் மாற்றி, பம்ப்பையும் நாசில்களையும் தஞ்சாவூரில் சரிபார்த்து, டேங்கைக் கழற்றிக் கழுவி, பிரேக் குழாய்கள் எல்லாம் புதிதாகப் போட்டோம். வெற்றிடக் குழாய்கள் அத்தனையும் மாற்றியாயிற்று, சாவியைத் திருப்பினால் நிற்கிறது. வயரிங்கில்தான் எதிர்பாராத நேரமும் பணமும் போனது. எலி கடித்தது டேஷ்போர்டோடு நிற்கவில்லை, கூரை உறைக்குள்ளும் போயிருந்தது.

## முடிவில்

2024 ஆவணியில் பதிவு புதுப்பித்து, மார்கழியில் வண்டி வீட்டுக்கு வந்தது. மொத்தச் செலவு 13 லட்சத்து 60 ஆயிரம்: வண்டி 2.9 லட்சம், உடம்பும் பெயிண்டும் 4.2, இன்ஜின், பிரேக், சஸ்பென்ஷன் 2.6, வயரிங், சீட், ஏ.சி. 2.1, வெளிநாட்டிலிருந்து வந்த ரப்பர் பீடிங்குகளும் (கண்ணாடி, கதவு ஓரங்களில் வரும் ரப்பர்) போக்குவரத்தும் 1.1, காகிதமும் கட்டணமும் 0.7. பட்ஜெட்டைத் தாண்டியது. இதே விலைக்கு நாளை விற்க முடியுமா என்றால், உடனே முடியாது. விற்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதால்தான் இந்தத் தொகைக்கு நான் ஒத்துக்கொண்டேன்.

தைப் பொங்கல் முடிந்து குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய் வந்தார்கள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவச் சொன்னேன். கடற்கரைக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் அப்படிக் கழுவுகிறார்.

வெள்ளை வண்டியைத் திருச்சிக்காரர் ஒருவர் வாங்கினார். ஜாக்கித் துளையைப் பற்றி விற்றவரே அவரிடம் சொல்லி விலையைக் குறைத்தார். திருச்சிக்காரருக்குப் புதுப்பிக்கும் ஆசை இல்லை, சில வருடம் ஓட்டினால் போதும். அவர் தேவைக்கு அது சரியான வண்டிதான்.

## அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

பழைய பதிவேட்டைத் தேடும் வேலையை அட்வான்ஸுக்கு முன்பே தொடங்கலாம். அதற்கு விற்பவரின் ஒரு கடிதம் போதும். அந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்றால் தகரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி ரோட்டுக்கு வராது.

விலை பேசும் முன் கார்பெட்டையும் தார்ப் பூச்சையும் ஓர் ஓரத்திலாவது தூக்கிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால், தரை முழுதும் போயிற்று என்று வைத்தே கணக்குப் போட வேண்டும். எலி நுழைந்த வண்டி என்றால் கூரை வரை முழு வயரிங்கையும் செலவில் சேர்க்க வேண்டும். பாதி பிழைக்கும் என்ற நம்பிக்கையில் எண் போடக் கூடாது.

டிங்கருக்கு மொத்தமாகக் கூலி பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுவது இரண்டு பக்கமும் நல்லது. தரை, பக்கச் சட்டம், கதவு என்று ஒவ்வொன்றும் முடிந்ததும் பார்த்துப் பணம் கொடுத்தால், இடையில் தெரியவரும் ஓட்டைக்காக யாரும் யாரோடும் மனஸ்தாபப்பட வேண்டியதில்லை. பெயிண்ட் மாசியில் தொடங்கும்படி தகர வேலையைப் பின்னாலிருந்து எண்ணித் திட்டமிட வேண்டும். இந்த வண்டியில் பிரைமரோடு நான்கு மாதம் பட்டறையில் இடத்தை அடைத்து நின்றதற்கு வாடகையும் கொடுத்தோம்.

ரப்பர் பீடிங்குகளை வண்டி பட்டறைக்குப் போன வாரமே ஆர்டர் போட வேண்டும். பெயிண்ட் முடிந்த பிறகு போட்டதால் கண்ணாடிகள் இல்லாமல் வண்டி தார்ப்பாய்க்குள் ஆறு வாரம் நின்றது.